காளிக்கு ஐந்து ஊசி

நாய் கடிப்பதற்கு முன்பாகவே நாய்க்கடிக்கான ஊசி அத்தனையையும் போட்டு முடித்த ஆஸ்பத்திரி இந்தப் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான். அது லண்டனில் இல்லை, அமெரிக்காவில் இல்லை, பாளையங்கோட்டையில் இருக்கிறது. சிகாமணி மருத்துவமனைக் குழுமம் என்று பெயர். தலைமையகம் பாளையங்கோட்டை, கிளைகள் ஆழ்வார்குறிச்சி, உவரி, குலசேகரன்பட்டினம். "வருமுன் காப்போம்" என்று மற்றவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொண்டிருந்தபோது, அதைத் தேதியோடு செய்து காட்டியவர்கள் இவர்கள்தான்.

இந்தச் சாதனையின் சிற்பி முருகன்குறிச்சி கெசியா டீச்சர் மகன் கிங்ஸ்லி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவன். சொந்த மண்ணுக்குச் சேவை செய்ய வந்துவிட்டான் என்பது டீச்சர் சொல்வது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி நிறையப் பேருக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்பியது என்பது தெரு சொல்வது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். மின்னஞ்சல் வந்த பிறகுதான் பலருக்கு மண் ஞாபகம் வருகிறது.

குழுமத்தின் அதிபர் டாக்டர் ஞானசிகாமணி, ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுப் பல வருஷம் ஆனவர். சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு, "டேட்டா வேர்ஹவுஸ் இல்லாத ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியே இல்லை" என்ற ஞானத்தோடு திரும்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் கிங்ஸ்லியைப் பிடித்தார். நாலு கிளை, நாலு கம்ப்யூட்டர், நாலும் நாலு பாஷை பேசுகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிச் சுத்தம் செய்து தர வேண்டும், தந்தால் "தலைமைத் தரவு அதிகாரி" பதவியும் ஏ.சி. போட்ட தனி அறையும் உண்டு என்றார். தனி அறை என்ற சொல் டீச்சர் காதில் விழுந்த அன்றே மூன்று இடத்துக்குக் கிங்ஸ்லியின் போட்டோ போயிற்று.

பெயர் சூட்டுவதற்கு ஒரு கூட்டம் கூடியது. "தரவுக் கிடங்கு" என்றால் குழி மாதிரித் தொனிக்கிறது என்று உருமாற்ற அதிகாரி ஜெபஸ்டின் ஆட்சேபித்தார். உருமாற்ற அதிகாரி என்றால் பயந்துவிட வேண்டாம். போன வருஷம் வரை ஆஸ்பத்திரி கேன்டீனையும் ஆம்புலன்ஸ் டீசலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்; முதலில் உருமாறியது அவர்தான். கடைசியில், நம் பக்கத்துச் சொல்லாகவே இருக்கட்டும் என்று "தரவுக் கிட்டங்கி" முடிவாயிற்று. மகன் கிட்டங்கியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான் என்று டீச்சர் தெருவெல்லாம் சொன்னார். உப்பா அரிசியா என்று இரண்டொருவர் விசாரித்தார்கள்.

கிங்ஸ்லி வேலையில் இறங்கிய பிறகுதான், இந்தத் தாமிரபரணிக் கரையில் மனிதர்கள் எவ்வளவு "அசுத்தமாக" இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஆழ்வார்குறிச்சியில் எல்லா நோயாளியின் வயதும் பூஜ்யத்தில் அல்லது ஐந்தில் முடிந்தது. "நாப்பது இருக்கும்னு போடு" என்று அவர்கள் சொல்ல, அப்படியே போட்டிருந்தார்கள். விலாசம் என்ற கட்டத்தில் "மகன் சிங்கப்பூர்" என்று ஒருவர் கொடுத்திருந்தார். உவரியில் கடலுக்குப் போகிறவர்கள், நமக்குப் போன் போட்டால் யார் எடுப்பது என்று, மீன் ஏலக்காரர் ஒருவரின் எண்ணையே ஊரோடு கொடுத்திருந்தார்கள்.

கிங்ஸ்லி கலங்கவில்லை. விதிகள் எழுதினான். பெயரும் போன் எண்ணும் ஒன்றானால் ஆளும் ஒன்று. பெயரில் இலக்கம் வரக் கூடாது, வந்தால் வெட்டப்படும். பெயரோடு ஒட்டிய பட்டங்கள் நீக்கப்படும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் கிட்டங்கியே பொருத்தமானதைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நடக்க முடியாத தேதி நடக்கக்கூடிய தேதியாகத் திருத்தப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிட்டங்கிக்குள் ஒருமுறை போனதை யாரும் கை வைத்து மாற்ற முடியாது. வேதத்துக்கு அடுத்தபடி மாற்ற முடியாதது இதுதான் என்று டாக்டரே பாராட்டினார்.

விதிகள் உடனே பலன் தந்தன. ஆழ்வார்குறிச்சியில் மகாராஜா என்று ஒரு மோட்டார் மெக்கானிக் வயிற்றுவலிக்கு வந்திருந்தார். மகாராஜா என்பது பட்டம் என்று கண்டுபிடித்து கிட்டங்கி அதை நீக்கியது. மிச்சம் இனிஷியல் மட்டும் இருந்தது. கிங்ஸ்லி தயங்கினான். "பேரு இல்லாட்டி என்னவே, வயித்துவலி இருக்குல்லா," என்றார் ஜெபஸ்டின். உவரியில் ஏலக்காரர் எண்ணில் இருந்த அந்தோணிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே அந்தோணி ஆனார்கள். அந்த அந்தோணிக்குக் குடல்வால் இரண்டு முறை எடுக்கப்பட்டிருந்தது. கிங்ஸ்லி இதையும் ஜெபஸ்டினிடம் கொண்டுபோய்க் காட்டினான். ஒருத்தருக்கே இரண்டு தடவை எடுத்திருக்கிறோம் என்றால் சேவை எப்பேர்ப்பட்டது என்று யோசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

டாக்டர் அறையில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். அதில் ஒரு முள். தரவு எவ்வளவு சுத்தம் என்று அது காட்டும். முள் எழுபதில் தொடங்கி எண்பதைத் தாண்டி, அந்தோணிகள் ஒன்றானதும் தொண்ணூற்றெட்டைத் தொட்டது. காலையில் வந்ததும் டாக்டர் முதலில் பார்ப்பது அந்த முள்ளைத்தான். ஐ.சி.யூ.வில் யார் இருக்கிறார்கள் என்பது அப்புறம்.

இப்படி இருக்கையில் தசரா வந்தது.

குலசேகரன்பட்டினத்தில் நடக்கும் குலசை தசராவுக்கு நேர்ச்சை போட்டு வேஷம் கட்டுகிறவர்களைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டங்கிக்கு யாரும் சொல்லவில்லை. காப்புக் கட்டி, காளி வேஷம் போட்டுவிட்டால் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. காப்பு அவிழ்க்கும் வரை அவர் காளிதான். பெற்ற தாயே மகனை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

கிங்ஸ்லி வீட்டுக்கு எதிர் வீட்டு ஆட்டோ டிரைவர் சங்கிலிபூதத்தான் அப்படி ஒரு காளி. ஒரு செட்டுக்கு, அதாவது ஒரு வேஷக் குழுவுக்கு, ஒரு காளி போதாதா என்று கேட்கலாம். அவருடைய செட்டில் நேர்ச்சை போட்டவர்கள் ஐந்து பேர். அம்மனுக்குச் சொன்ன வாக்கை யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? ஐந்து பேரும் காளியானார்கள். சம்ஹாரத்தன்று காலையில் குலசைக் கடற்கரைப் பக்கம் பனைமர நிழலில் செட் அசந்து உட்கார்ந்திருந்தபோது, வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு நாய் வந்தது. குறவன் வேஷத்தை விட்டது, ராஜா வேஷத்தை விட்டது, போலீஸ் வேஷத்தைக்கூட விட்டது. சடையையும் கிரீடத்தையும் பார்த்து மிரண்டதோ என்னவோ, ஐந்து காளிகளையும் கடித்துப் பிடுங்கிவிட்டு உடைமுள் காட்டுக்குள் ஓடிவிட்டது.

செட் தலைவர் அவர்களைப் பக்கத்தில் இருந்த சிகாமணி கிளைக்குக் கொண்டுபோனார். ஆளுக்கு ஓர் ஊசி போட்டார்கள். மிச்ச நாலு ஊசியையும் தவறாமல் போட வேண்டும், அடுத்ததைப் பாளையங்கோட்டையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெறிநாய்க்கடி என்பது முற்றிவிட்டால் வைத்தியம் இல்லாத விஷயம் என்பதால், இதை மட்டும் மூன்று தடவை சொன்னார்கள்.

அன்று ராத்திரி கிட்டங்கி தன் வேலையைத் தொடங்கியது. ஐந்து வரி வந்திருந்தன. ஐந்திலும் பெயர் காளி. ஐந்திலும் செட் தலைவரின் போன் எண். ஆகவே ஆள் ஒன்று. ஆணா பெண்ணா என்ற கட்டம் காலி. காளி என்ற பெயரை வைத்துப் பெண் என்று நிரப்பிக்கொண்டது. வயது காலி, சராசரியைப் போட்டது. இப்போது இந்த ஒரு பெண்மணிக்கு ஒரே நாளில் ஐந்து ஊசி. அது நடக்க முடியாத காரியம். ஆகவே ஊசி சரி, தேதிதான் தப்பு. முறைப்படி ஐந்து ஊசிக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அப்படிப் பிரித்துப் போடப் பார்த்தது. பிரித்தால் நாலு ஊசி வருங்காலத்துக்குப் போய்விடுகிறது. இன்னும் வராத தேதியில் ஊசி போட முடியுமா? முடியாது. ஆகவே பின்பக்கமாகப் பிரித்தது. நாய் கடித்தது புரட்டாசியில். முதல் ஊசி ஆவணியிலேயே போட்டாயிற்று. முள் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது.

விடிந்ததும் செட் தலைவர் போனுக்குச் செய்தி வந்தது. "அன்புள்ள திருமதி காளி, தங்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசித் தொடர் வெற்றிகரமாக நிறைவுற்றது. இனி ஊசி தேவையில்லை. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?"

அவர் அதை செட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லாரும் கை கூப்பினார்கள். ஐந்து நட்சத்திரமும் போயிற்று.

அடுத்த ஊசிக்கு உரிய நாளன்று காலையில் சங்கிலிபூதத்தான் ஆட்டோவை கிங்ஸ்லி வீட்டு வாசலில் நிறுத்தினார். ஊசிக்குப் போகவில்லை, நன்றி சொல்ல வந்திருந்தார். ஒங்க கிட்டங்கி நல்ல கிட்டங்கி என்று சொல்லி, போனை நீட்டினார். கிங்ஸ்லி படித்தான். கையில் இருந்த காப்பி ஆறிவிட்டது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தனை ஊசி போட்டாவ?"

"அஞ்சுன்னு போட்டிருக்குல்லா."

"மெசேஜை விடுங்க. ஒங்க கையில எத்தனை குத்து?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு." சற்று யோசித்தார். "அம்மா எறங்கியிருந்தா தம்பி. அருள்ல நிக்கும்போது மிச்சத்தைப் போட்டிருப்பாவ. எனக்கு வலியே தெரியல, பாத்துக்கோ."

கிங்ஸ்லி உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தான். திருமதி காளி, வயது முப்பத்தேழு, ஆவணி முதல் ஐந்து ஊசி. குலசைக் கிளையில் பதிவு எழுதுகிற மைதீன் பாத்திமாவுக்குப் போன் போட்டான். ஏன் ஐந்து பேரையும் ஒரே பெயரில் எழுதினீர்கள் என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டான்.

"காப்புக் கட்டுன ஆளைப் பேரு சொல்லி எழுதலாமா தம்பி? நான் இந்த ஊருக்காரில்லா," என்றார் பாத்திமா. "காளி ஒண்ணு, காளி ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் அனுப்புனேன். ஒங்க கிட்டங்கிதான் நம்பரை வெட்டிட்டு. நேத்து நானே தேடிப் பாத்தேன், ஒரு காளிதான் இருக்கா. மீதி நாலு பேரை என்ன செஞ்சிய?"

பெங்களூரில் இதற்கு ஒரு பதில் உண்டு: மூலத் தரவில் சிக்கல். அது அவன் நாக்கு நுனி வரை வந்தது. இலக்கத்தை வெட்டச் சொன்ன விதி தன் கையால் எழுதியது என்பது கூடவே ஞாபகம் வர, போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அங்கே சாயங்காலத் திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழுமத்தில் பணம் போடலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார். அவர் பார்க்கப்போவது அந்த முள்ளை. கிங்ஸ்லி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"காளின்னு ஒரே பேஷன்ட்தானே இருக்கு."

"அஞ்சு பேரு சார். நம்ம விதி ஒண்ணாக்கிட்டு."

"அந்த ஒருத்தருக்குக் கோர்ஸ் முடிஞ்சுட்டா?"

"திரையில முடிஞ்சுட்டு சார்."

"அப்ப நம்ம பேஷன்ட்டுக்கு நாம கடமையைச் செஞ்சாச்சு. மீதி நாலு பேரு நம்ம பேஷன்ட்டே இல்லையே. நம்ம பேஷன்ட் இல்லாதவங்களுக்கு நாம எப்படி ஊசி போட முடியும்?"

இப்படி ஒரு தர்க்கத்தை மருத்துவக் கல்லூரியில் கற்றுத்தருவதில்லை. குழும அதிபரானால் தானாக வரும்.

ஜெபஸ்டின் அவனைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்தார். காளியைப் பிரித்தால் முள் இறங்கிவிடும். ஒன்றைப் பிரித்தால் அந்தோணிகளையும் பிரிக்கச் சொல்வார்கள். விழா முடியட்டும், அடுத்த மாசம் ஒரு கமிட்டி போட்டு "பைய" பிரிக்கலாம் என்றார். நாய்க்கடி கமிட்டி வரைக்கும் காத்திருக்குமா அண்ணாச்சி என்று கிங்ஸ்லி கேட்டான். அவர், மாடியில் ஏ.சி. மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் வைக்கலாம் என்று போய்ப் பார்க்கச் சொன்னார்.

கிங்ஸ்லி மாடிக்குப் போகாமல் பதிவு மேஜைக்குப் போனான். சங்கிலிபூதத்தான் என்ற சொந்தப் பெயரிலேயே புதிய நோயாளியாகப் பதிந்து பார்த்தான். அதே நாள், அதே ஊர், அதே நாய். கிட்டங்கி ஒரு நிமிஷம் யோசித்து, "வருக திருமதி காளி" என்றது. ஆறாவது ஊசிக்கு அனுமதி இல்லை என்று மருந்துக் கடைக்கும் தகவல் சொல்லிவிட்டது. அவன் எழுதிய விதிகளிலேயே ஆகச் சிறந்தது, பெயர் மாறினாலும் நாளும் ஊரும் நோயும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று பிடிக்கும் இந்த ஒப்பிடும் விதிதான் என்று போன வாரம் டாக்டர் கை குலுக்கியிருந்தார்.

மாடியிலிருந்து சுவரைத் துளை போடுகிற சத்தம் கேட்டது. அவனுடைய அறை. சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அறை வந்துவிடும், டீச்சர் அனுப்பிய மூன்று போட்டோவில் ஒன்று பழுத்துவிடும். கிங்ஸ்லி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான். அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தான்.

உலகத்தில் கடினமான காரியம், கம்ப்யூட்டரை நம்புகிற மனிதனிடம் கம்ப்யூட்டர் வைத்தவனே போய் நம்பாதே என்று சொல்வது. சங்கிலிபூதத்தான் சிரித்தார். மற்ற நாலு காளிகளும் காப்பு அவிழ்த்து, பழையபடி ஆட்டோக்காரரும் கொத்தனாருமாகி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

"ஏலே, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா?"

"கம்ப்யூட்டரா ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நான் சொல்லிக் குடுத்ததைத் திருப்பிச் சொல்லுது."

"அப்ப நீ தப்பாச் சொல்லிக் குடுத்தியோ?"

"ஆமா," என்றான் கிங்ஸ்லி. "நாய் கடிச்சது அஞ்சு பேரை. நான் அஞ்சு பேரையும் ஒரே பொம்பளையா ஆக்கிட்டேன். ஒங்க அஞ்சு பேரோட மொத ஊசியைச் சேத்துத்தான் அது அஞ்சுன்னு எண்ணியிருக்கு. ஆளுக்கு ஒண்ணுதான் ஏறியிருக்கு. இன்னைக்கு அடுத்தது போடலைன்னா உசுருக்கு ஆபத்து."

டீ கிளாஸ்கள் கீழே இறங்கின. கொத்தனார் மட்டும், அந்த ஒரு பொம்பளையில் ஊசி முடிந்து தேறினது யார் என்று கேட்டார். ஒருத்தருமில்லை என்றான் கிங்ஸ்லி.

ஒரே ஆட்டோவில் ஆறு பேர் ஹைகிரவுண்டு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே திரையும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு நர்ஸம்மா இருந்தாள். யார் யாரை நாய் கடித்தது, எங்கே கடித்தது, எப்போது முதல் ஊசி என்று கேட்டாள். ஐந்து பேரிடம் ஐந்து பெயர் கேட்டு ஐந்து சீட்டு எழுதினாள். ஐந்து சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாள். அடுத்த ஊசிக்கு வராவிட்டால் வீட்டுக்கே வந்து குத்துவேன் என்று மிரட்டி அனுப்பினாள். தரவு மேலாண்மையில் அவளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை என்பதை இங்கே வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் விழா. குத்துவிளக்கு, பூங்கொத்து, சென்னைப் பிரமுகர், பின்னால் திரையில் தொண்ணூற்றொன்பதில் நிற்கும் முள். அதைப் பார்த்து டாக்டர் உருகினார். இந்தப் பக்கத்து ஜனங்களிடமிருந்து சுத்தமான தரவு எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதைக் குழுமம் சாதித்திருக்கிறது என்றார். அந்தச் சாதனைக்கு அடையாளமாக, கிட்டங்கியே ஆராய்ந்து தேர்ந்தெடுத்த "இந்த ஆண்டின் மிகச் சிறந்த நோயாளி"க்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக அறிவித்தார். ஒரு ஊசிகூடத் தவறவிடாதவர், ஒரு புகார்கூடச் சொல்லாதவர், ஐந்து நட்சத்திரம் அளித்தவர், நோய் வருவதற்கு முன்பே சிகிச்சைக்கு வந்த தொலைநோக்காளர்.

கிங்ஸ்லி மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு நின்றான். அழைப்பிதழை ஜெபஸ்டின் செட் தலைவரின் எண்ணுக்கு அனுப்பியது அவனுக்குத் தெரியாது.

"திருமதி காளி அவர்கள் மேடைக்கு வரவும்," என்றார் ஜெபஸ்டின்.

மூன்றாவது வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து பேர் எழுந்தார்கள். ஐந்து பேருக்கும் மீசை இருந்தது. ஐந்து பேரும் மேடை ஏறினார்கள்.

ஜெபஸ்டின் கையில் பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. ஒருத்தர் மட்டும் நில்லுங்க, மத்த நாலு பேரும் கீழே போங்க என்று மைக்கில் கெஞ்சினார். யாரும் போகவில்லை. டாக்டர் பிரமுகர் பக்கம் சாய்ந்து, மூலத் தரவு இந்த ஊரில் இப்படித்தான், ஒரே ஆள் ஐந்து பேராக வந்து நிற்பார்கள், அதையெல்லாம் நாங்கள் சரிசெய்துவிட்டோம் என்று விளக்கினார். பிரமுகர் தலையாட்டி, குறித்துக்கொண்டார்.

சங்கிலிபூதத்தான் மைக்குக்குக் கை நீட்டினார். ஜெபஸ்டின் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கிங்ஸ்லி வந்தான். மாடியில் மாட்டி முடித்த ஏ.சி. ஒரு கணம் அவன் நினைவில் வந்து போயிருக்க வேண்டும். ஜெபஸ்டின் கையிலிருந்து மைக்கை வாங்கி, சங்கிலிபூதத்தானிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

சங்கிலிபூதத்தான் சத்தம் போடவில்லை. ஆட்டோக் கட்டணம் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"டாக்டர் ஐயா, அந்த நாய்க்கு வெறி புடிச்சிருந்துது. அதுகூட எங்களை ஒண்ணாப் பாக்கல, அஞ்சு பேரையும் தனித்தனியாத்தான் கடிச்சுது. ஒங்களை எது ஐயா கடிச்சுது?"